சித்தாநல்லூர்ப் பகா எண்

உலகத்தில் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்த அலுவலகத்துக்கும் போகாமல், எந்த அதிகாரியையும் பார்க்காமல், வீணாகவே வாழ்ந்து மடிகின்றன. ஓர் அரசாங்கத்தையே மூன்று மாதம் கைகட்டி நிற்கவைத்த எண் என்று வரலாற்றில் ஒன்றுதான் உண்டு. அந்தப் பெருமை காசிக்கும் கிடைக்கவில்லை, கல்கத்தாவுக்கும் கிடைக்கவில்லை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் சித்தாநல்லூருக்குக் கிடைத்தது. ஆண்டு 1972.

அந்த எண் 999983. ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், நெஞ்சு அடைக்கும். நிலச் சீர்திருத்தத் துறைத் தனி வட்டாட்சியர் துரைராசுவுக்கு அதைக் கேட்டதிலிருந்தே அடைத்துக்கொண்டிருந்தது.

துரைராசு நல்ல மனிதர். அலுவலக வாசலில் இருந்த 'தாசில்தார்' பலகையைக் கழற்றிவிட்டு 'வட்டாட்சியர்' என்ற தமிழ்ப் பலகையைத் தாமே ஆணி அடித்து மாட்டியவர். அவருடைய அப்பா அடுத்தவன் வயலில் நாற்றுக்கட்டுச் சுமந்தே காலத்தைக் கழித்தவர். அதனால் சித்தாநல்லூர் மிராசுதார் ராஜகோபாலனிடம் உச்சவரம்புக்கு மேல் இருந்த உபரி நிலத்தை எடுத்து, அந்த நிலத்திலேயே கூலிக்கு உழைத்த முப்பத்து மூன்று குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை தம் தலையில் விழுந்தபோது மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனியில் தண்ணீர் வரும். அதற்குள் பட்டா கையில் இருந்தால் குறுவையை அவர்கள் தங்கள் வயலில் நடுவார்கள். இல்லாவிட்டால் இன்னொரு வருஷமும் ராஜகோபாலன் வயலில் நடுவார்கள். விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன விஷயத்தை இவ்வளவு சின்னதாகவே விட்டுவிட்டால் அரசாங்கம் எதற்கு? மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உபரி நிலத்தைச் 'சமமாகவும், பின்னமின்றியும், மீதியின்றியும்' பகிர்ந்தளிக்க வேண்டும். ஏக்கர், சென்ட் என்று போனால் புள்ளி வரும். புள்ளி ஏழைகளைக் குழப்பும். ஆகவே எல்லாம் சதுர அடியில், முழு எண்ணில் இருக்க வேண்டும். ஏழைகளின் மேல் இத்தனை கரிசனம் கொண்ட ஒரு சுற்றறிக்கையைத் துரைராசு அதுவரை படித்ததில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தார்.

ராஜகோபாலன் ஒப்படைத்த நிலம் 999983 சதுர அடி. முப்பத்து மூன்றால் வகுத்தார். ஆளுக்கு 30302 வந்தது. மீதி பதினேழு.

"பதினேழு சதுர அடின்னா ஒரு கயித்துக் கட்டில் போடுற எடம் சார்," என்றார் சர்வேயர் அப்துல் வஹாப். முத்துப்பேட்டைக்காரர். அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு டெல்டா முழுக்க நடந்து தேய்ந்த ஆள். "இதைப் போயி பெரிசா எடுத்துக்கலாமா?"

"கட்டிலோ தொட்டிலோ, மீதி மீதிதானே வஹாப்? சுற்றறிக்கையில தெளிவாப் போட்டிருக்கே."

"அப்ப பதினேழு குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு அடி சேத்துக் குடுத்துடுங்க."

"மத்த பதினாறு குடும்பம்? சமமாங்கறது என்னாத்துக்கு ஆவுறது?"

துரைராசு விடவில்லை. எண்ணை மாற்ற முடியாது, குடும்பத்தை மாற்றலாமே! அந்தக் குடும்பங்களில் ஒருத்தியான செவ்வந்தியின் மகளுக்குப் போன தையில்தான் கல்யாணம். மருமகனைத் தனிக் குடும்பமாகக் காட்டினால் முப்பத்து நான்கு. வகுத்தார், மீதி ஒன்பது. ரொம்ப நாளாகச் சண்டை போட்டுப் பிரிந்திருந்த அண்ணன் தம்பியைச் சமாதானம் செய்து ஒரே குடும்பமாக்கினால் முப்பத்திரண்டு. வகுத்தார், மீதி பதினைந்து. முப்பத்தைந்தால் வகுத்தபோது மீதி முப்பத்து மூன்று வந்தது. மொத்தக் குடும்பமும் மீதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்ததும் துரைராசு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மிராசுதார் வீட்டுக்குப் போனார்கள். ராஜகோபாலன் வாசல்வரை வந்து வரவேற்றார். ஆட்சி மாறினாலும் அவருடைய உபசாரம் மாறியதில்லை. அவர் மனைவி மதுரம் டிகிரி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். கூடத்தில் மதுரத்தின் அண்ணா சாமா உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்களைத் தவிர வேறு எதைப் பற்றியும் நினைக்காதவர். எண்களுக்கும் நல்லதே நினைத்தவர்.

துரைராசு தம் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சாமாவின் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல் ஆகிவிட்டது.

"வகுபடாது சார்! ஜென்மத்துக்கும் வகுபடாது! அது பகா எண். ஆறு இலக்கத்துலயே பெரிய பகா எண் அதுதான். அதைத் தாண்டி இன்னொண்ணு வேணும்னா பத்து லட்சத்துக்கு அந்தண்டை போய்த் தேடணும். தன்னாலயும் ஒண்ணாலயும் தவிர வேற எந்த எண்ணாலயும் அதைத் தொட முடியாது. இலக்கத்தையெல்லாம் கூட்டிப் பாருங்கோ, நாப்பத்தேழு. அதுவும் பகா எண்! என்ன ஒரு அழகு!" சாமா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் என்ன சார் பண்ணட்டும்?" என்று ராஜகோபாலன் கையை விரித்தார். "கொடுக்கறதுக்கு நான் தயார். பிரியறதுக்கு எண்ணு தயாரா இல்லையே! சாமா சொல்றபடி பாத்தா ரெண்டே வழிதான். ஒன்பது லட்சத்துச் சொச்சம் பேரைப் பிடிச்சுண்டு வந்து ஆளுக்கு ஒரு சதுர அடி கொடுக்கலாம். இல்லேன்னா மொத்தத்தையும் ஒரே ஆள்கிட்ட ஒப்படைக்கலாம். அவ்வளவு பெரிய பாரத்தை ஒரு ஏழை தலையில கட்ட எனக்கு மனசு வரலை. நாட்டுக்காக வேணும்னா நானே சுமக்கறேன்."

துரைராசுவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இருந்தாலும் கேட்டார்: "இன்னும் ஒரு பதினாறு சதுர அடி சேத்துக் குடுத்தீங்கன்னா 999999 ஆயிடுங்க. முப்பத்து மூணால சுத்தமா வகுபட்டுடும்."

"சட்டம் சொன்னதுக்கு மேல ஒரு அடி கொடுத்தாலும் அது சட்டத்தை அவமதிக்கறதுன்னோ? நீங்க அதிகாரி, நீங்களே இப்படிப் பேசலாமோ?"

துரைராசு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் வரப்பில் நின்று வஹாப் ஓர் எல்லைக்கல்லைக் காலால் தட்டிக் காட்டினார். "கல்லு புத்தம் புதுசா இருக்கு பாத்தீங்களா? நெலத்தை அளந்து எண்ணு வரலைங்க. வாத்தியார்கிட்ட நல்ல எண்ணா ஒண்ணு கேட்டு வாங்கிக்கிட்டு, அது வர்ற வரைக்கும் நெலத்தை அளந்திருக்காங்க."

"படிச்சவரு மேல அபாண்டமாப் பேசாதீங்க வஹாப்."

"அவரு மேல இல்லைங்க. அவரு பாவம், கேட்டதுக்குச் சொல்லியிருப்பாரு."

துரைராசு மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பதறியது. உச்சவரம்புச் சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன மிராசுதார்களை அரசு பார்த்திருக்கிறது. உயிரோடு இல்லாத மாமியார் பேருக்கு நிலத்தை எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறது. ஆனால் ஓர் எண்ணே நேரில் வந்து சட்டத்தை எதிர்ப்பது இதுதான் முதல் தடவை. உடனே 'பகா எண் ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. திருவாரூர் பயணியர் விடுதியில் முதல் கூட்டம் கூடியது. சிறப்பு அழைப்பாளராகச் சாமா வந்திருந்தார்.

எண் உண்மையிலேயே வகுபடாதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்றார் தலைவர். ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், மொத்தம் நூற்று அறுபத்தெட்டுத்தான் என்று சாமா அடக்கமாகச் சொன்னார். குழு கொதித்துவிட்டது. குறிப்பிட்ட சில எண்களுக்கு மட்டும் வாய்ப்புக் கொடுப்பதா? சமூக நீதி பேசும் ஆட்சியில் இரட்டைப்படை எண்கள் செய்த பாவம் என்ன? எல்லா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆறு குமாஸ்தாக்கள் அந்த வேலையில் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்குத் தேநீர் வாங்கிவர ஒருவர் அமர்த்தப்பட்டார். வைகாசி பிறந்துவிட்டது.

இரண்டாவது கூட்டத்தில் விவாதம் சூடுபிடித்தது.

"தன்னையும் ஒன்றையும் தவிர வேறு யாரையும் தன்னுள் சேர்க்காத எண் இது! எண்ணிலேயே தீண்டாமையா?" என்று கழகப் பேச்சாளர் மேசையைத் தட்டினார். "இது ஆரிய எண்!"

"கிடையாது. இது நிலப்பிரபுத்துவ எண்," என்றார் விவசாயச் சங்கத் தோழர். "பதினேழு பேருக்கு ஓரடி கூடக் கொடுப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். அது முப்பத்து மூன்று பேரை இரண்டு வர்க்கமாகப் பிளக்கும்."

"இது வெறும் எண்ணு சார்," என்றார் சாமா அழாத குறையாக. "அது யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலை. சிவனேன்னு இருக்கு."

சாமாவின் சொற்கள் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. கூட்டம் பஜ்ஜி சாப்பிட்டுக் கலைந்தது.

துரைராசு பேருந்தில் நீடாமங்கலம் வந்து இறங்கியபோது அலுவலக வாசலில் சித்தாநல்லூர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் செவ்வந்தி. நடவில் முதல் ஆளாக இறங்கிக் குலவை போடுகிறவள். அவள் தொண்டையைத் திறந்தால் நாலு வயல் தள்ளிக் கேட்கும்.

"என்னங்க சார், மேட்டூரைத் தொறக்கப் போறாங்களாமே? நெலம் எங்கங்க?"

துரைராசு உட்காரவைத்து, பொறுமையாக, பகா எண் என்றால் என்ன என்று விளக்கினார். சாமாவிடம் கற்ற அத்தனையும் சொன்னார். நாற்பத்தேழையும் விடவில்லை. செவ்வந்தி முழுதும் கேட்டாள். பிறகு பக்கத்தில் இருந்த நீலாம்பாளைப் பார்த்தாள். நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கா சார் மூணு மாசமா அலைய விட்டீங்க? கோடையில கொளம் எறைச்சா எங்க தெருவுல மீனை எண்ணியா பிரிக்கிறோம்? கண்ணால பாத்துக் கூறு போடுவோம். எவ கூறு போடுறாளோ அவ கடைசியாத்தான் எடுக்கணும். அதனால ஒரு கூறும் கோணாது. மிச்சம் நாலு கெண்டை கெடந்துதுன்னு வைங்க, அதைப் பொதுச் சட்டியில போட்டுக் கொழம்பு வெச்சு ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்திக்குவோம். எந்த மீனும் எங்களை எதுத்துக் கேட்டதில்லைங்க."

"அந்தப் பதினேழு அடியை?"

"பொதுவுல போடுங்க சார். தண்ணிப் பானை வெச்சுக்கறோம். வேலை செய்யறவங்க குடிக்கட்டும்."

துரைராசு துள்ளி எழுந்தார். மீதி பொதுவுக்குப் போய்விட்டால் மீதியே இல்லை! அன்றைக்கே 'பொதுச் சட்டி முறை' என்று தலைப்பிட்டு மேலிடத்துக்கு எழுதினார். ஆச்சரியம், பத்தே நாளில் ஒப்புதல் வந்துவிட்டது. கெண்டை மீன் பற்றிய பத்தியை மட்டும் மீன்வளத் துறையின் கருத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மற்றபடி திட்டம் பிரமாதம் என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு சின்ன நிபந்தனை: பொது இடம் என்பது அரசுச் சொத்து. அதை எங்கே ஒதுக்குவது, எப்படிப் பராமரிப்பது என்பதை ஊராட்சி மன்றத் தலைவர் முடிவு செய்வார்.

சித்தாநல்லூர் ஊராட்சி மன்றத் தலைவர் ராஜகோபாலன். மூன்று முறையும் போட்டியின்றித் தேர்வானவர். போட்டியிடக் கூடியவர்கள் எல்லாரும் அந்த நாட்களில் அவர் வயலில் வேலையாக இருந்துவிட்டார்கள்.

"பொதுச் சட்டி! அடடா, என்ன ஒரு முறை!" என்று ராஜகோபாலன் செவ்வந்தியின் காதுபடவே பாராட்டினார். "ஆனா வெறும் தண்ணிப் பானை வெச்சா இவ்வளவு பெரிய எண்ணுக்கு அது மரியாதையா? சிமிட்டியில ஒரு மேடை கட்டிடறேன். செலவு என்னுது."

மேடை எழும்பிய இடத்தைப் பார்த்ததும் துரைராசுவுக்குப் பகீரென்றது. முப்பத்து மூன்று வயலுக்கும் தண்ணீர் பிரியும் தலைமடை அது. ஆற்று வாய்க்காலிலிருந்து தண்ணீர் உள்ளே நுழைய அந்த ஒரு வாய்தான் இருந்தது. அதன் மேல் சரியாகப் பதினேழு சதுர அடிக்குச் சிமிட்டி போட்டு மெழுகிக்கொண்டிருந்தார்கள்.

"மடையிலயா சார் கட்டுறீங்க?"

"பொது இடம்னா எல்லாருக்கும் பொதுவா இருக்க வேண்டாமா? ஓரமா ஒருத்தன் வயல்ல கட்டினா மத்தவா கேக்க மாட்டாளா? முப்பத்து மூணு பேருக்கும் பொதுவான இடம் இங்க இது ஒண்ணுதானே சார்?"

துரைராசு யோசித்துப் பார்த்தார். தர்க்கத்தில் ஓர் ஓட்டை இல்லை. மடையிலும் இனி இல்லை. வஹாப் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு, "சார், நிறுத்தச் சொல்லுங்க சார்," என்று கெஞ்சினார். ஆனால் அமைச்சர் வரும் தேதி அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. அமைச்சர் திறந்து வைக்கப்போகும் ஒன்றை வட்டாட்சியர் எப்படி நிறுத்துவார்? பட்டா கைக்கு வந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

விழா சிறப்பாக நடந்தது. நாதஸ்வரம், தோரணம், ஆளுயர மாலை. முப்பத்து மூன்று குடும்பங்களுக்கும் பட்டா வழங்கப்பட்டது. செவ்வந்தி தன் பட்டாவை இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, விழா மேடை என்றும் பாராமல் குலவை போட்டுவிட்டாள். துரைராசுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா இருந்து பார்த்திருக்கலாமே என்று நினைத்தார்.

அமைச்சர் கல்வெட்டைத் திறந்துவைத்தார். கல்லில் பெரிதாக 999983 என்று பொறித்திருந்தது. "இது வடக்கிலிருந்து இறக்குமதியான எண் அல்ல! நம் மண்ணிலே அளந்து, நம் மண்ணிலே விளைந்த எண்!" என்று முழங்கிவிட்டு அதை நோக்கிக் கைகூப்பினார். கூட்டம் எழுந்து நின்றது. முன்வரிசையில் சாமா விம்மி விம்மி அழுதார். ஓர் எண்ணுக்கு இப்படி ஒரு மரியாதையைத் தம் வாழ்நாளில் பார்ப்போம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் காவிரி வந்தது. வெண்ணாற்றில் வந்தது, வாய்க்காலில் வந்தது, நுரையும் செத்தையுமாகச் சித்தாநல்லூர் மேடைவரை வந்தது. வந்து முட்டியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு பக்கத்து மடை வழியாக ராஜகோபாலனுக்கு மிச்சமிருந்த வயல்களுக்குள் புகுந்தது.

துரைராசு ஓடிப் போனபோது முப்பத்து மூன்று குடும்பமும் வரப்பில் நின்றது. வயல் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாற்றங்காலில் பயிர் வெளுத்துவிட்டது. செவ்வந்தி கையில் கடப்பாரை இருந்தது.

"தள்ளுங்க சார். ஒரே போடு."

"வேணாம் செவ்வந்தி. பொதுச் சொத்து. இடிச்சா உள்ள தள்ளிடுவாங்க. பட்டாவையும் ரத்து பண்ணிடுவாங்க."

"பொதுன்னா எங்களுதுதானே?"

இதற்குள் ராஜகோபாலன் குடையோடு வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு வருத்தம்.

"என் சொத்தா இருந்தா இந்த நிமிஷமே இடிச்சுடுவேன் சார். அரசாங்கச் சொத்தாச்சே. நான் கை வைக்க முடியுமோ? ஜனங்க கவலைப்பட வேண்டாம். தரிசாப் போடறதுக்குப் பதிலா நிலத்தைக் குத்தகைக்கு என்கிட்டயே விட்டுடட்டும். நான் எப்படியாவது தண்ணி கொண்டு வந்துடுவேன். வேலைக்கு அவாளையே வெச்சுக்கறேன்."

அண்ணன் தம்பிச் சண்டைக்காரர்களில் மூத்தவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை நாளைக்குள்ள சொல்லணுங்க?" என்று கேட்டார். செவ்வந்தி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். துரைராசு அன்றைக்கே மேடையை அகற்ற அனுமதி கேட்டு எழுதினார். அமைச்சர் திறந்து வைத்ததை அகற்றுவது பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. கூடவே மேலதிகாரி போனில் வந்தார்.

"அருமையாப் பண்ணிட்டீங்க துரைராசு! கோப்பை முடிக்கணும், ஒரே ஒரு விவரம் பாக்கி. தண்ணீர்ப் பங்கீடும் சமமா, பின்னமில்லாம, மீதியில்லாம நடக்குதான்னு சட்டசபையில கேப்பாங்க. நேர்ல விசாரிச்சு எழுதி அனுப்பிடுங்க."

துரைராசு சித்தாநல்லூருக்குப் போனார். செவ்வந்தி ராஜகோபாலன் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். கேள்வியை மெல்லக் கேட்டார். அவள் நிமிர்ந்து, சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"சமமாத்தாங்க வந்துது. ஒருத்தருக்குக் கூடவும் இல்லை, ஒருத்தருக்குக் குறையவும் இல்லை. தாராளமா எழுதிக்கங்க."

துரைராசு பொய் எழுதுகிறவர் அல்ல. வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினார்: 'வயல்களுக்குள் வந்த தண்ணீர், பூஜ்யம். குடும்பங்கள், முப்பத்து மூன்று. வகுத்தால் ஆளுக்குப் பூஜ்யம். பின்னம் இல்லை. மீதியும் இல்லை.'

துறை தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக வகுபட்ட கணக்கு வேறு வந்ததில்லை என்று அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.